இரவல் சிட்டம்

ஆரணியில் கல்யாண சீசன் வந்துவிட்டதா என்று பார்க்க ஜெயவேலின் தெருக்காரர்கள் பஞ்சாங்கத்தைத் தொடமாட்டார்கள். ஜெயவேலின் கையைப் பார்ப்பார்கள். முழங்கை வரை அரக்குச் சிவப்பு ஏறியிருந்தால் தை பிறக்கப்போகிறது. மயில்கழுத்து நிறம் என்றால் யாரோ பெரிய இடத்துப் பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. கையில் எல்லா நிறமும் கலந்து சேற்று எருமைபோல இருந்தால் அது ஆவணி. ஒரு தடவை அவன் கை கொடுத்த பேங்க் மேனேஜர் வாடாமல்லி நிறக் கையோடு வீட்டுக்குப் போய், அந்த அம்மாளுக்குப் பதில் சொல்ல முடியாமல் அந்த வாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே ஜெயவேல்தான்.

அவனுக்குத் தொழில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது. வீட்டுக்குப் பின்னால் பட்டறை. அங்கே செங்கல் அடுப்பின்மேல் ஒரு செப்பு அண்டா. ஒரு கல்யாணத்துக்கே அதில் பாயசம் காய்ச்சலாம். அண்டாவில் சாயத்தண்ணீர் கொதிக்கும். பட்டு நூல் கற்றைகளை, சிட்டம் என்பார்கள், கம்பில் மாட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்துப் போகாதபடி திருப்பித் திருப்பி முக்க வேண்டும். அதற்கு அடுப்புச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். சுவருக்கும் அவன் இடுப்புக்கும் நடுவே ஒரு ஈர லுங்கி மட்டும்தான். மீசை முளைத்த நாளிலிருந்து அவன் அங்கேதான் நிற்கிறான். இட்லிப் பானையில் வைத்த மாவுகூட வெந்ததும் வெளியே வந்துவிடும். ஜெயவேல் சாயங்காலம்தான் வருவான்.

கை எப்படியோ வாயும் அப்படி. பட்டதை எல்லாம் நிறம் மாற்றிவிடும். ராமதாஸ் டீக்கடையில் அவன் வந்து உட்கார்ந்தால், டீ ஆறுவதுகூடத் தெரியாமல் சனம் சிரித்துக்கொண்டிருக்கும். சைக்கிள் கடை அய்யனார் முகாமுக்குப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செய்துகொண்டு வந்த வாரம், ஜெயவேல் அதே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னான்: "அய்யனாரு சைக்கிளு ஓடும்டா. பெல்லு மட்டும் அடிக்காது."

அவ்வளவுதான். டீக்கடை இடிந்து விழாதது ஆச்சரியம். மறுநாளிலிருந்து அய்யனார் எந்தத் தெருவில் போனாலும் பொடியன்கள் "டிரிங் டிரிங்" என்று கத்தினார்கள். கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் முதலில் பெல்லைத் தொட்டுச் சிரித்தார்கள். அய்யனார் கடையைக் காலி செய்துகொண்டு வெம்பாக்கத்துக்கே போய்விட்டான். ஜெயவேல் அதையும் தன் வாய்க்குக் கிடைத்த பரிசு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவனுக்கும் சூர்யகலாவுக்கும் தொண்ணூற்று மூன்றில் கல்யாணம். தொண்ணூற்று எட்டு வந்தும் குழந்தை இல்லை. விசேஷம் உண்டா என்று யாராவது கேட்டால், "ஆர்டர் குடுத்தாச்சி, டெலிவரிதான் லேட்டு" என்பான் ஜெயவேல். கேட்டவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அடுப்படியில் சூர்யகலா சோற்றுப் பானையை மூடுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

ஜெயவேலின் அம்மா விருத்தாம்பாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு போகாத கோயில் கிடையாது. அவள் கட்டிய தொட்டில்களின் பாரம் தாங்காமல் ஒரு வேப்பமரம் கூனிப்போயிருந்தது. மரத்தால் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள்.

அங்கே எல்லாச் சோதனையும் சூர்யகலாவுக்குத்தான். ரத்தத்தை உறிஞ்சினார்கள். ஸ்கேன் பார்த்தார்கள். கடைசியில் கர்ப்பப்பைக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்கள்.

"உள்ள ஒரு மருந்து விட்டுப் படம் எடுப்போம். வழி திறந்திருந்தா மருந்து அந்தப் பக்கம் போயிடும். கொஞ்சம் வலிக்கும்" என்றார் டாக்டரம்மா.

"சாயம் மாதிரிங்களா?" என்று கேட்டான் ஜெயவேல்.

"சாயம் மாதிரிதான்."

கதவுக்கு உள்ளேயிருந்து சூர்யகலா கத்தியது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெயவேலுக்குக் கேட்டது. கேட்காததுபோல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, துவைத்துப் பிழிந்த துணிமாதிரி வெளியே வந்தாள். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது வாய் தானாக வேலை செய்யுமே, செய்தது.

"இன்னா கலரு போட்டாங்க? சாயம் ஓடாதுல்ல?"

அவள் அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. வேலூரிலிருந்து ஆரணிக்குப் பஸ் வந்து சேரும் வரைக்கும் சிரிக்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா சொன்னார். "இவங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. மாசாமாசம் கருமுட்டை வருது. குழாய் ரெண்டும் திறந்திருக்கு. ஹார்மோன் எல்லாம் சரியா இருக்கு. இனிமே உங்களைத்தான் பாக்கணும்."

"என்னையா? எனக்கு இன்னாங்க கொறைச்சல்? கொதிக்கிற அண்டாவை ஒத்த ஆளா எறக்குவேன்."

"அண்டா எறக்குறது வேற வேலை சார். ஒரு சாம்பிள் குடுத்துட்டுப் போங்க."

கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார்கள். நடையின் கடைசியில் ஒரு பாத்ரூம். நர்ஸம்மாவுக்குத் தேர்த் திருவிழா மைக்கில் பேசுகிற தொண்டை. "சாம்பிள் குடுக்குற ஜெயவேலு யாரு? ஜெயவேலு!" அந்த ஒரு கூப்பாட்டில் வேலூர் கோட்டைச் சுவரே திரும்பிப் பார்த்திருக்கும். உள்ளே ஒரு வாளி, ஒழுகுகிற குழாய், கதவுக்கு வெளியே இருமுகிற கிழவர். ஜெயவேல் டப்பாவைப் பார்த்தான். டப்பா அவனைப் பார்த்தது. வியர்த்ததுதான் மிச்சம். காலி டப்பாவோடு வெளியே வந்து, "உடம்பு சரியில்லீங்க, அப்புறமா வரேன்" என்று நர்ஸிடம் முனகிவிட்டு ஓடிவந்தான்.

உண்மையில் அவனுக்கு வெட்கம் பாத்ரூமைப் பார்த்து இல்லை. உள்ளே எங்கோ ஒரு பயம். இத்தனை நாள் ஊரையே சிரிக்கவைத்தவனுக்கு, ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டால்? அதை நினைத்தால் கொதிக்கிற அண்டா பக்கத்திலேயே குளிர் எடுத்தது.

வீட்டில் விருத்தாம்பாள் வேறு, "எல்லா டெஸ்டும் பாத்தாச்சா, இன்னா சொன்னாங்க?" என்று தினமும் கேட்டாள். சூர்யகலா கேட்கவில்லை. அதுதான் இன்னும் பேஜாராக இருந்தது.

சாயக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பட்டு முதலாளி, "இந்த நிறத்தில் ஒரு சிட்டம் போட்டுக் காட்டு, பிடித்தால் ஆர்டர்" என்பார். நம் அண்டாவில் அன்றைக்கென்று நிறம் சரியாக விழாது. உடனே பக்கத்துப் பட்டறையில் நல்லதாக ஒரு சிட்டம் இரவல் வாங்கி, நம்முடையது என்று காட்டிவிட்டு வருவார்கள். ஆர்டர் வந்த பிறகு நம் சாயத்தைச் சரிசெய்துகொள்வது. ஜெயவேலும் எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறான், கொடுத்தும் இருக்கிறான். முதலாளி கேட்டதும் சாம்பிள், டாக்டரம்மா கேட்டதும் சாம்பிள். அவன் மூளை அந்தப் பழகிய தடத்திலேயே போய் நின்றது.

நேராக முள்ளிப்பட்டுக்கு சைக்கிளை மிதித்தான். அங்கே துரைக்கண்ணு தறி நெய்கிறான். ஜெயவேலுக்குச் சின்ன வயதுச் சிநேகிதன், மூன்று பிள்ளைகளுக்கு அப்பன். மூன்றும் தறிக்குழியைச் சுற்றி உருண்டுகொண்டிருந்தன. துரைக்கண்ணுவின் பெண்டாட்டி பொன்னம்மாள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். ஜெயவேல் பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கித் தெருவுக்கு விரட்டிவிட்டு, விஷயத்தைக் காதோடு சொன்னான்.

துரைக்கண்ணுவின் கால் மிதிக்கட்டையில் அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வேணாம்டா ஜெயவேலு."

"ஏண்டா?"

"எனக்கு ஜலதோசம் புடிச்சிருக்குது."

"ஜலதோசத்துக்கும் இதுக்கும் இன்னாடா சம்பந்தம்? மூக்கா குடுக்கப்போற?"

"வேற யாரையாவது கேளேன்."

"மூணு பெத்தவன்டா நீ. உன்னுது ஒஸ்தி சரக்கு. உன்னை வுட்டுட்டு தெருவுல போறவனையா கேட்டுகினு நிக்கமுடியும்?"

"நாளைக்கு நீயே டீக்கடையில குந்திகினு சொல்லிடுவ."

"என் மானத்த நானே ஏலம் வுடுவேனாடா? ஒருதபா வா. வேலூர்ல பிரியாணி வாங்கித்தரேன்."

துரைக்கண்ணு சரி என்று சொல்லவில்லை. முடியாது என்பதற்குக் காரணம் சொல்லத் தெரியாமல், மறுநாள் காலையில் பஸ் ஏறினான். சாயப் பொடி வாங்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். ஜெயவேல் பெயரை நர்ஸம்மா கூப்பிட, துரைக்கண்ணு பாத்ரூமுக்குள் போய், டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தான். நர்ஸம்மாவுக்கு ஆரணிக்காரர்கள் எல்லாம் ஒரே முகம். வாங்கி வைத்துக்கொண்டார். பிரியாணியைத் துரைக்கண்ணு தொடவே இல்லை. ஜெயவேல் அவன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டான்.

முடிவு சொல்கிற நாளில் சூர்யகலாவும் கூட வந்தாள். ஜெயவேல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தான். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பயப்படாம கேளுங்க. திரவம் இருக்கு. ஆனா அதுல உயிரணுவே இல்ல."

"கம்மிங்களா?"

"கம்மி இல்ல சார். ஒண்ணுகூட இல்ல."

ஜெயவேலுக்கு வாய்வரை வந்துவிட்டது, அய்யோ, அது என்னுடையது இல்லை என்று. அதற்குள் இன்னொரு நினைப்பு முந்திக்கொண்டது. துரைக்கண்ணுவிடம் ஒன்றுமே இல்லை என்றால், முறுக்கு தின்ற அந்த மூன்று பிள்ளைகள்? பொன்னம்மாள்? நல்ல சிரித்த முகக்காரி ஆயிற்றே! ஒரு நொடியில் சிநேகிதனுடைய குடும்பத்தையே மனசுக்குள் கொளுத்திவிட்டான்.

டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார். "இதோட முடிவு பண்ணக்கூடாது. இன்னொரு தடவை சாம்பிள் பாக்கணும். வழியில அடைப்பா, உற்பத்தியே இல்லையான்னு உங்க உடம்பைப் பாக்கணும். ரத்தத்துல ஹார்மோன் பாக்கணும். இன்னிக்கே ஆரம்பிக்கலாமா?"

"இன்னொரு நாள் வரேங்க" என்று எழுந்தவனின் கையை, மேஜைக்குக் கீழே சூர்யகலா பிடித்தாள். கல்யாணத்தில் பிடித்ததற்குப் பிறகு நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் அவன் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். கண்ணமங்கலம் தாண்டியபோது மெதுவாகச் சொன்னாள்.

"அத்தகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

"இன்னான்னு சொல்லுவ?"

"எனக்குத்தான் கொழாயில அடைப்புன்னு சொல்லிடறேன்."

"ஏன்?"

"உங்களுக்குன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். அய்யனாரு அண்ணன் பட்ட பாட்ட நான் பாக்கலியா? எனக்குன்னா யாரும் சிரிக்கமாட்டாங்க. பாவம்னு சொல்லுவாங்க. அது பரவால்ல."

அப்போது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் அவர்கள் பக்கத்து சீட் காலி. கேட்க ஆள் இல்லை. நாளெல்லாம் ஓயாத வாய், ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பசை போட்டு ஒட்டினதுபோலக் கிடந்தது. இறங்கும்போது அவளுடைய பையை மட்டும் வாங்கிக்கொண்டான்.

அவள் சொன்னபடியே சொன்னாள். விருத்தாம்பாள் திட்டவில்லை. மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, சந்தவாசலில் தூரத்து உறவில் ஒரு பெண் இருக்கிறதே என்று ஆள் அனுப்பினாள். "நீயும் இருடியம்மா. உன்னை யாரு போவச் சொன்னது? எனக்கு ஒரு பேரப்புள்ள வேணும், அவ்ளோதான்" என்றாள். சூர்யகலா, "சரிங்க அத்த" என்றாள். பட்டறையில் நின்ற ஜெயவேலுக்கு அது கேட்டது. அன்றைக்கு அவன் போட்ட சாயம் திட்டுத் திட்டாகப் போய்விட்டது. முதலாளியிடம் அண்டா மேல் பழி போட்டான்.

இரண்டு பக்கமும் எரிந்தது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் முள்ளிப்பட்டுக்குப் போனான். எப்படிக் கேட்பது? முதலில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து முகத்தைப் பார்த்தான். மூன்றுக்கும் அச்சு அசல் துரைக்கண்ணு மூக்கு. அந்த மூக்கு முள்ளிப்பட்டில் திரும்பினால் நுனி ஆரணியில் நிற்கும். வேறு எவனிடமும் அப்படி ஒன்றை இரவல் வாங்க முடியாது. பொன்னம்மாள் கொண்டுவந்து வைத்த தண்ணீரை அவள் முகத்தைப் பார்க்காமலே குடித்தான். அவளைப் பற்றி நினைத்ததற்கு அந்தச் செம்பில் விழுந்து சாகலாம்போல இருந்தது.

துரைக்கண்ணுவை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"டேய், உன் சாம்பிள்ல ஒண்ணுமே இல்லியாம்டா!"

துரைக்கண்ணு கரையில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினான். கொஞ்ச நேரத்தில் ஒரு மாட்டுக்குப் போதுமான புல் சேர்ந்துவிட்டது.

"எனக்கு ஆபரேசன் ஆயிடுச்சிடா."

"இன்னா ஆபரேசன்? கொடலெறக்கம்னு சொன்னியே, அதா?"

"கொடலும் எறங்கல, ஒண்ணும் எறங்கல. மூணாவது பொறந்தப்ப பொன்னம்மா ஒடம்புல ரத்தமே இல்ல. அவளுக்கு ஆபரேசன் வேணாம்னுட்டாங்க. நான் போயி பண்ணிகினேன். அய்யனாரு போன அதே முகாம்தான். பெஞ்சில எனக்கு முன்னாடி அவன்."

ஜெயவேல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டீக்கடையில நீ பெல்லு கதை சொன்னியே, அப்ப எல்லாரையும்விட ஜாஸ்தி சிரிச்சது யாரு? நான்தான். தையலு போட்ட எடம் வலிச்சிகினே இருந்துச்சி. அப்பவும் சிரிச்சேன். சிரிக்கலன்னா என்னையும் கண்டுபுடிச்சிடுவியேன்னு."

"அப்ப என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"உன்கிட்டயா?" என்றான் துரைக்கண்ணு.

"சரி, ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சும் ஏண்டா வந்து குடுத்த?"

"எனக்கு இன்னாடா தெரியும்? ஆபரேசனுக்கு முன்ன எப்படியோ இப்பவும் அப்படித்தான் வருது. அதுல உயிரு இருக்குதா இல்லியான்னு கண்ணாடி போட்டா பாத்தேன்? இத்தினி வருசத்துல திரும்பவும் ஊறியிருக்கும்னு நெனச்சேன்."

ஏரியில் ஒரு கொக்கு இவர்களைப் பார்த்துவிட்டு, இது வேண்டாத பேச்சு என்பதுபோலப் பறந்துபோனது. ஜெயவேல் நியாயமாகச் சிரித்திருக்க வேண்டும். இதைவிட நல்ல டீக்கடைக் கதை ஆயுசுக்கும் கிடைக்காது. சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் வெம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினான். அய்யனாரின் புதுக் கடை எதிரில் புளியமரத்தடியில் நின்றான். அய்யனார் குனிந்து டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். கடையில் பம்பு, டயர், செயின் எல்லாம் தொங்கின. பெல் மட்டும் ஒன்றுகூட இல்லை. பெல் விற்காத சைக்கிள் கடையை ஜெயவேல் அன்றைக்குத்தான் பார்த்தான். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டான்.

சந்தவாசலுக்குப் பெண் பார்க்கப் புறப்படுகிற நாள் வந்தது. காலையிலேயே சூர்யகலா அவனுடைய வேட்டியை எடுத்து வைத்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை, வாழைப்பழம், பூ. "வெறுந்தட்டா எடுத்துகினு போவக்கூடாது, ஒரு பொடவ வெக்கணும்" என்றாள் விருத்தாம்பாள். சூர்யகலா பீரோவைத் திறந்து, மாம்பழ நிறப் பட்டு ஒன்றைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள்.

அது ஜெயவேல் அவளுக்காகச் சாயம் போட்டது. கல்யாணமான புதிதில், முதலாளிகளுக்குக்கூடக் காட்டாத நிறத்தில் நூலை முக்கி, துரைக்கண்ணுவிடம் கொடுத்து நெய்து வாங்கியது. குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்றைக்குக் கட்டிக்கொள்கிறேன் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

"சூரியா, அந்தப் பொடவய எடுத்து உள்ள வெய்யி" என்றான் ஜெயவேல்.

"ஏங்க, கலரு நல்லாத்தானே இருக்குது?"

"அந்த டெஸ்டு என்னுது இல்ல."

"எந்த டெஸ்டு?"

"ஒண்ணுமே இல்லன்னாங்களே, அது. அது தொரையோடது. நான் குடுக்கல. வெக்கப்பட்டுகினு அவன இட்டுகினு போயி குடுக்க வெச்சேன். அவனுக்கு ஏற்கனவே ஆபரேசன் ஆயிருக்குது. எனக்கே தெரியாது."

விருத்தாம்பாள் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாடா ஒளர்ற? இவளுக்குக் கொழாயில அடைப்புன்னு சொன்னாளே?"

"அடைப்பு இல்லம்மா. அவகிட்ட ஒரு கொறையும் இல்ல. எனக்குக் கொறைன்னு நெனச்சிகினு, ஊரு சிரிக்கப்போவுதேன்னு அவ மேல போட்டுகினா."

சூர்யகலா புடவையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். நீவி நீவி இல்லாத மடிப்பையும் நீவினாள். பிறகு நிமிராமல் கேட்டாள்.

"அந்த எக்ஸ்ரே ரூம்ல நான் கத்துனேனே, வெளிய கேட்டுச்சா உங்களுக்கு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "கேட்டுச்சி."

"கேட்டுகினுதான் சாயம் ஓடுமான்னு கேட்டீங்களா?"

அவன் தட்டிலிருந்து சரிந்த வெற்றிலையை எடுத்து அடுக்கினான்.

"நாலு பேரு முன்னாடி காலை விரிச்சிகினு நான் படுத்துக் கெடந்தேன். உங்களுக்குக் கதவு சாத்துன பாத்ரூமுக்குள்ள போவ வெக்கமா இருந்துச்சாக்கும்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சோறு போடட்டுமா என்று கேட்கிற குரல்தான். மாமியார் எதிரில் அவள் அப்படிப் பேசினாளே என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. அண்டாவில் பொங்குகிற சாயத்தைத் தலையில் கவிழ்த்திருந்தால் ஜெயவேல் சந்தோஷமாக நின்றிருப்பான். விருத்தாம்பாள் எழுந்து வந்து, தட்டிலிருந்த புடவையை எடுத்துக்கொண்டு போய்த் தன் கையாலேயே பீரோவில் வைத்துப் பூட்டினாள். வாழைப்பழத்தைப் பக்கத்து வீட்டு மாடு தின்றது.

அடுத்த தடவை வேலூரில் நர்ஸம்மா, "சாம்பிள் குடுக்குற ஜெயவேலு!" என்று கூவியபோது சூர்யகலா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் பாத்ரூம் கதவைப் பார்த்தாள். போனான். இந்தத் தடவை டப்பா காலியாக வரவில்லை. சோதனைக்கு ரத்தமும் கொடுத்தான். டாக்டரம்மாவிடம் இரவல் கதையையும் அவனே சொன்னான். அவர் பழைய ரிப்போர்ட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

முடிவு வந்தது. "உயிரணு இருக்கு. ஆனா ரொம்பக் குறைவு. இருக்குறதும் சோம்பேறியா நீந்துது. உங்களுக்கு என்ன வேலை?"

சொன்னான். அடுப்பு, அண்டா, ஈர லுங்கி எல்லாவற்றையும் சொன்னான்.

"எத்தனை வருஷமா?"

"மீச மொளச்சதுலேந்துங்க."

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "விதைப்பை ஏன் உடம்புக்கு வெளியில தொங்குது தெரியுமா? உடம்புக்குள்ள இருக்குற சூடே அதுக்கு ஒத்துக்காது. கொஞ்சம் குளிர்ச்சியா இருந்தாத்தான் உயிரணு நல்லா உருவாகும். நீங்க அதை அடுப்போட ஒட்டவச்சிருக்கீங்க."

"அப்ப ரத்தத்துல பாத்தீங்களே, அது?"

"அது சரியா இருக்கு. மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி. அதுதான் ரத்தத்துல ஹார்மோன் அனுப்பி, உயிரணு பண்ணுன்னு விதைப்பைக்குச் சொல்லுது. உங்களுக்கு அது ஒழுங்காச் சொல்லுது."

"மொதலாளி ஆர்டரு குடுத்துகினுதான் இருக்காரு, பட்டறதான் வெந்துபோச்சின்றீங்க" என்றான் ஜெயவேல். சொன்ன பிறகு பயந்துபோய் சூர்யகலாவைப் பார்த்தான். அவள் டாக்டரம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே வச்சிக்கோங்க. சூடு மட்டும்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா அதைத்தான் முதல்ல நிறுத்தணும். புது உயிரணு உருவாகி முதிர மூணு மாசம்கிட்ட ஆகும். அதுவரைக்கும் அடுப்புப் பக்கம் போகாதீங்க. அப்புறம் திரும்பப் பாக்கலாம்."

அடுப்புப் பக்கம் போகாமல் சாயக்காரன் எப்படிப் பிழைப்பது? அதற்கும் துரைக்கண்ணுதான் வந்தான். அவன் தறிக்கு முதலாளி வீட்டிலிருந்து இன்னும் பாவு நூல் வராமல் தறி சும்மா கிடந்தது. "நான் நிக்கிறேன்டா அண்டாகிட்ட. எனக்கு வெந்தா இன்னா, வேவலன்னா இன்னா? லைனுதான் கட் ஆயிடுச்சே" என்றான். ஜெயவேல் தூரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சிட்டத்தைத் திருப்பு, இன்னும் கொஞ்சம் சிவப்பு போடு, ஜல்தி எடு என்று கத்திக்கொண்டிருந்தான். துரைக்கண்ணுவின் கை கத்திரிப்பூ நிறம் ஆனது. ஜெயவேலின் கை வெளுத்தது. நகக்கண்ணில் இருந்த கடைசிப் பச்சையும் போய், பிறந்த குழந்தையின் கைமாதிரி ஆகிவிட்டது. அதுவும் நடுத் தையில்.

ஊர் சும்மா இருக்குமா? அவன் டீக்கடைக்குப் போன அன்றைக்கு, ராமதாஸ் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவன் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா ஜெயவேலு, கை இப்படி வெளுத்துப்போச்சி? பட்டறைய வித்துட்டியா?"

கடை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது, இவன் என்ன சொல்லிச் சிரிக்கவைக்கப் போகிறான் என்று. அவனிடம் கைவசம் ஒரு டஜன் பதில் இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை.

"டாக்டரு அடுப்புகிட்ட நிக்கக்கூடாதுன்னுட்டாங்க. புள்ள இல்லாததுக்குக் கொறை எனக்குத்தான். சூரியாகிட்ட ஒண்ணும் இல்ல. அவ அடைப்புன்னு சொன்னது எனக்காக."

ராமதாஸ் அவன் கையை விட்டார். பிறகு கடையே வெடித்துச் சிரித்தது. "பாரேன், பொண்டாட்டியக் காப்பாத்த இன்னா மாதிரி அவுத்து வுடுறான்!" என்று ஒருவர் தொடையில் தட்டினார். இன்னொருவருக்குப் புரை ஏறியது. ஜெயவேல், "நெஜம்தான்" என்றான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "நெஜமா நெஜம்தான்யா" என்று கத்தினான். ராமதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருசம் சொன்ன பொய்க்கெல்லாம் சிரித்தவர்கள், ஒரே ஒரு நிஜத்தையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

அப்போது பெஞ்சின் கடைசியில் இருந்த துரைக்கண்ணு எழுந்தான். கத்திரிப்பூக் கை இரண்டையும் நீட்டினான். "அவன் சொல்றது நெஜம்தான். அதான் அவனுக்குப் பதிலா நான் நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆவாது. எனக்கு ஆபரேசன் ஆயிடுச்சி. அய்யனாரு போனானே, அன்னிக்கே."

சிரிப்பு நின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை யாரும் பார்க்கவில்லை. பிறகு மூலையிலிருந்து யாரோ மெதுவாக, "டிரிங் டிரிங்" என்றான்.

மறுபடியும் கடை அதிர்ந்தது. இந்தத் தடவை அவர்கள் நம்பிவிட்டார்கள். ஜெயவேல் யாரை முறைப்பது? அவனே வார்த்து, அவனே கடைக்குக் கடை கொண்டுபோய்க் கொடுத்த பெல். துரைக்கண்ணுவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். தெரு முனை வரைக்கும் டிரிங் டிரிங் கூடவே வந்தது.

அவன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. விருத்தாம்பாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருந்தாள். சூர்யகலா இலை போட்டாள். செம்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நெறையவா?"

"ரொம்ப."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"உன்னை ஒண்ணும் சொல்லல. எல்லாம் என்னையும் தொரையையுந்தான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு, கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். எப்போதும் அவன் கை கழுவினால் அந்த முற்றத்தில் ஹோலிப் பண்டிகை மாதிரி ஓடும். இன்றைக்கு ஊற்றின தண்ணீர் ஊற்றினபடியே ஓடியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாங்க," என்றாள் சூர்யகலா, "சாயம் ஓடாதுல்ல?"

குரலில் கோபமா, கேலியா, கொஞ்சம் கருணையா என்று அவனுக்கு விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். நிமிர முடியவில்லை. ஆரணியில் எவன் என்ன கேட்டாலும் எச்சில் விழுங்குவதற்குள் பதில் சொல்கிறவன், காலியான செம்பிலிருந்து கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் கையை நீட்டியபடியே நின்றான்.